யு.எஸ். ஸ்டீல், 2021: பி.இ. 1.6 காட்டிய பங்கு

2021 டிசம்பர் 31 அன்று நியூயார்க் சந்தையில் யு.எஸ். ஸ்டீல் பங்கு 23.81 டாலரில் முடிந்தது. ஜனவரி கடைசியில் அந்த ஆண்டுக் கணக்கு வெளிவந்தபோது, ஒரு பங்குக்கான லாபம், அதாவது இ.பி.எஸ்., 14.88 டாலர். விலையை லாபத்தால் வகுத்தால் பி.இ. விகிதம் 1.6. இதே லாபம் தொடர்ந்தால், நாம் கொடுக்கும் விலையை நிறுவனம் பத்தொன்பது மாதத்தில் சம்பாதித்துவிடும் என்று அர்த்தம். அதே நாளில் அமெரிக்கச் சந்தையின் பெரிய நிறுவனங்களுக்குச் சராசரி பி.இ. 20க்கு மேல்.

பி.இ. குறைவாக உள்ள பங்குகளை வரிசைப்படுத்தித் தேடும் எவருக்கும் இது பட்டியலின் தலையில் வந்து நின்றிருக்கும். ஆர்செலர்மிட்டல் 2.4 மடங்கு, கிளீவ்லாந்து கிளிஃப்ஸ் 4 மடங்கு, நியூகோர் 5 மடங்குக்குச் சற்றுக் கீழே. எஃகுத் துறை முழுவதும் தள்ளுபடி விற்பனையில் கிடப்பதுபோல் ஒரு தோற்றம். அதில் யு.எஸ். ஸ்டீல்தான் மிக மலிவு. உண்மையிலேயே மலிவா, அந்த 1.6 எதைச் சொன்னது, அடுத்த நாலு வருஷத்தில் என்ன ஆனது என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

லாபம் எங்கிருந்து வந்தது

எஃகு ஆலையின் லாபத்தை நிர்ணயிப்பது ஒரே ஒரு இடைவெளி: ஒரு டன் ஹாட் ரோல்டு காயில் (சூடாக உருட்டிச் சுருளாக்கிய எஃகுத் தகடு) விற்கும் விலைக்கும், அதைச் செய்ய ஆகும் தாது, கோக்கிங் நிலக்கரி, ஸ்க்ராப் (பழைய இரும்பு) செலவுக்கும் நடுவே நிற்கும் பணம். தாதுவை உருக்கும் ஊதுலையை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது ஏற்ற முடியாது. ஆட்கள், பராமரிப்பு, வட்டி எல்லாம் டன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நடக்கும் செலவு. ஆகவே விலை கொஞ்சம் அசைந்தால் லாபம் பெரிதாக அசையும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். டன் 700 டாலருக்கு விற்கிறது, எல்லாச் செலவும் சேர்த்து 650. லாபம் 50. விலை பத்து சதவீதம் ஏறி 770 ஆகிறது, செலவு அப்படியே நிற்கிறது. லாபம் 120. விலை பத்து சதவீதம் ஏற, லாபம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு ஆகிவிட்டது. பத்து சதவீதம் இறங்கினால் டன்னுக்கு 20 டாலர் நட்டம். பி.இ.யின் கீழே நிற்கும் அந்த லாபம் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இதுவே போதும்.

2020 - 21இல் நடந்தது பத்து சதவீத அசைவு அல்ல. 2020 ஆகஸ்ட் வாக்கில் அமெரிக்காவில் ஹாட் ரோல்டு காயில் டன்னுக்கு ஏறத்தாழ 450 டாலர் (அங்கே டன் என்றால் 907 கிலோ). 2021 செப்டம்பரில் அது 1,900 டாலரைத் தாண்டியது. தொற்றுக்காலத்தின் தொடக்கத்தில் ஆலைகள் உலைகளை அணைத்தன. கார், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் தேவை எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பியது. வியாபாரிகளின் கிடங்குகள் காலி. 2018 முதல் இருந்த 25 சதவீத இறக்குமதி வரி வெளிநாட்டுச் சரக்கு சட்டென்று வந்து விலையைக் கீழே இழுப்பதையும் தடுத்தது. யு.எஸ். ஸ்டீலுக்கு இன்னொரு வசதி: மின்னசோட்டாவில் சொந்த இரும்புத் தாதுச் சுரங்கங்கள். உலகச் சந்தையில் தாது விலை ஏறினாலும் அதன் செலவு அந்த அளவுக்கு ஏறவில்லை. விலையேற்றத்தின் பெரும்பகுதி நேராக லாபத்துக்குப் போனது.

எபிட்டா எண்களைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். வட்டி, வரி, தேய்மானத்தைக் கழிப்பதற்கு முன் உள்ள லாபமே எபிட்டா. ஒருமுறை வரவு செலவுகளை நீக்கிய அந்த எண் 2019இல் 71 கோடி டாலர். 2020இல் மைனஸ் 16 கோடி. 2021இல் 559 கோடி. நிறுவனம் ஆண்டுக்கு அனுப்பும் சரக்கு 2019இலும் 2021இலும் ஒன்றரைக் கோடி டன் சுற்றிலேயே இருந்தது. டன்னுக்குக் கணக்கிட்டால் 2019இல் 50 டாலருக்கும் கீழே, 2021இல் 350 டாலர் பக்கம். ஆலை, ஆட்கள், சரக்கு எதிலும் அத்தனை பெரிய மாற்றமில்லை. விலை மட்டும் மாறியது.

14.88ஐப் பிரித்துப் பார்த்தால்

பி.இ.யைக் கையில் எடுப்பதற்கு முன் இ.பி.எஸ்.ஸின் அடிக்குறிப்புகளைப் படிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். செய்பவர்கள் குறைவு. இந்த நிகழ்வில் அதற்குப் பலன் உண்டு.

முதலில், டிரான்ஸ்டார். ஆலைகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் சிறு ரயில் பாதைகளின் தொகுப்பு அது. 2021 ஜூலையில் அதை 64 கோடி டாலருக்கு விற்றதில் 50 கோடிக்கு மேல் லாபம் பதிவானது. இன்னொன்று பிக் ரிவர் ஸ்டீல். ஆர்கன்சாவில் உள்ள அந்த ஆலையில் பாதிப் பங்கு முன்பே கையில் இருந்தது. 2021 ஜனவரியில் மீதியையும் வாங்கியபோது, பழைய பாதியைப் புது மதிப்பில் எழுதிய வகையில் சுமார் 11 கோடி டாலர் லாபக் கணக்கில் ஏறியது. இரண்டும் அடுத்த ஆண்டு வராது.

அப்புறம் வரி. வரிக்கு முந்தைய லாபம் 430 கோடி டாலருக்கு மேல். காட்டிய வரி 20 கோடிகூட இல்லை. முந்தைய ஆண்டுகளின் நட்டங்களால் சேர்ந்திருந்த வரிச் சலுகையை அந்த ஆண்டு கணக்கில் எடுத்துக்கொண்டதால் வந்த நிலை இது. சாதாரண ஆண்டில் 22, 23 சதவீதம் போகும்.

விற்பனை லாபத்தையும் மறுமதிப்பீட்டையும் கழித்து, மீதிக்கு முழு வரி போட்டால், ஒரு பங்கு லாபம் 10 டாலர் சுற்றில் வந்து நிற்கிறது. பி.இ. 1.6இலிருந்து 2.3 ஆகிறது. கணக்கைச் சுத்தம் செய்தபின்னும் மலிவாகத்தான் தெரிகிறது. ஆகவே அடிக்குறிப்பு மட்டும் படித்தால் போதாது. எந்த ஆண்டின் லாபத்தை வைத்து வகுக்கிறோம் என்பதில்தான் பிரச்சினை இருக்கிறது.

பத்து ஆண்டைக் கூட்டினால்

ஏற்ற இறக்கம் அதிகமான துறைக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு: ஓர் ஆண்டு லாபத்துக்குப் பதில் பத்து ஆண்டுச் சராசரியை எடுப்பது. யு.எஸ். ஸ்டீலுக்கு 2012 முதல் 2021 வரை எடுத்துப் பார்க்கலாம். 2012, 2013, 2015, 2016, 2019, 2020 ஆகிய ஆறு ஆண்டுகளில் நட்டம். அதில் 2013இலும் 2015இலும் தலா 150 கோடி டாலருக்கு மேல். 2014, 2017, 2018 மூன்றிலும் லாபம். அவற்றில் பெரியது 2018இன் 111 கோடி. கடைசியாக 2021இல் 417 கோடி.

எல்லாவற்றையும் கூட்டினால் பத்து ஆண்டின் நிகர லாபம் 25 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. நிறுவன வரலாற்றிலேயே மிகச் சிறந்த ஆண்டையும் சேர்த்த பிறகு வரும் தொகை இது. இதை ஆண்டுச் சராசரியாக்கி, அன்றைய 630 கோடி டாலர் மார்க்கெட் கேப்பை (எல்லாப் பங்குகளின் மொத்தச் சந்தை மதிப்பை) அதனால் வகுத்தால் பி.இ. மூன்று இலக்கத்தில் போகிறது. ஓர் ஆண்டை வைத்தால் 1.6, பத்து ஆண்டை வைத்தால் பல நூறு. ஒரே பங்கு, ஒரே நாள், ஒரே விலை.

“2013 நட்டம் வெறும் கணக்கு நட்டம், கையிலிருந்து பணம் போகவில்லையே” என்று ஒரு வாதம் வரும். அந்த ஆண்டு ஏறத்தாழ 180 கோடி டாலர் நற்பெயர் மதிப்பை (வேறு நிறுவனங்களை வாங்கும்போது சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகையை) தள்ளுபடி செய்ததுதான் நட்டத்தின் பெரும்பகுதி என்பது உண்மையே. ஆனால் அந்த மதிப்பு எப்படிக் கணக்கேட்டில் ஏறியது? 2007இல், எஃகுச் சந்தை உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, குழாய் தயாரிக்கும் லோன் ஸ்டார் டெக்னாலஜீஸை 210 கோடி டாலருக்கும் கனடாவின் ஸ்டெல்கோவைச் சுமார் 110 கோடிக்கும் வாங்கினார்கள். அப்போது போன பணம் ரொக்கம்தான். நல்ல காலத்தில் அதிக விலைக்கு வாங்கி, கெட்ட காலத்தில் தள்ளுபடி செய்வது இந்தத் துறையில் ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவதை ஒருமுறைச் செலவு என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. (கனடா பிரிவு பிறகு கைவிட்டுப் போய், மீண்டும் ஸ்டெல்கோவாகி, 2024இல் கிளீவ்லாந்து கிளிஃப்ஸிடம் போய்ச் சேர்ந்தது தனிக்கதை.)

பத்து ஆண்டுச் சராசரியிலும் ஒரு ஓட்டை உண்டு. 2012இன் யு.எஸ். ஸ்டீலும் 2021இன் யு.எஸ். ஸ்டீலும் ஒன்றல்ல. ஸ்க்ராப்பை மின்வில் உலையில், அதாவது மின்சாரத்தில், உருக்கும் புது ஆலையான பிக் ரிவர் இப்போது உள்ளே இருக்கிறது. பழைய நட்டமான கிளைகள் சில வெளியே போய்விட்டன. இறக்குமதி வரி வந்திருக்கிறது. பழைய சராசரியை அப்படியே முன்னால் நீட்டினால் நிறுவனத்துக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

நடுச்சுற்று லாபம்

ஆகவே எனக்குப் பயன்படுவது மூன்றாவது வழி. உச்சமும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல், ஒரு சாதாரண ஆண்டில் டன்னுக்கு என்ன எபிட்டா கிடைக்கும் என்று ஊகித்து, அங்கிருந்து கீழே இறங்கி வருவது.

யு.எஸ். ஸ்டீலுக்கு 2018 ஒரு நல்ல ஆண்டு. அப்போது டன்னுக்கு 110 டாலர் சுற்று. அதையே சாதாரண ஆண்டின் அளவாக வைப்போம். ஒன்றரைக் கோடி டன்னுக்குச் சற்று அதிகம் என்று கொண்டால் எபிட்டா 170 கோடி. தேய்மானம் 79 கோடி. வட்டி ஒரு 27 கோடி. மிச்சம் 64 கோடி. வரி போக 50 கோடி. பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரங்களையும் சேர்த்துப் பங்குகளை 28 கோடி என்று எடுத்தால், ஒரு பங்குக்கு 1.80 டாலர் பக்கம். 23.81 விலைக்கு பி.இ. 13.

சரி, பிக் ரிவர் வந்ததால் செலவு குறைந்திருக்கிறது, டன்னுக்கு 150 டாலர் கொடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். எபிட்டா 232 கோடி. அதே கழிவுகள். ஒரு பங்குக்கு 3.50 டாலர். பி.இ. 7க்குச் சற்றுக் கீழே.

டன்னுக்கு 40 டாலர் ஊகத்தை மாற்றியதும் லாபம் இரட்டிப்பாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தசம புள்ளி வரை போட்டுக் காட்டுபவர்களை நம்பாமலிருப்பது நல்லது. ஆனாலும் இது சொல்லும் சேதி தெளிவு: நியாயமான வீச்சு 7 முதல் 13 வரை. எஃகுப் பங்குகளுக்குச் சாதாரணக் காலத்தில் சந்தை தருவதும் அந்த வாக்கில்தான். 1.6 என்ற எண் சொன்ன அதிரடி மலிவு காணாமல் போய், ஏறக்குறைய சரியான விலையில் இருக்கும் ஒரு பங்கு மிஞ்சுகிறது.

இதையே தலைகீழாகவும் போடலாம். எஃகுப் பங்குக்குச் சந்தை வழக்கமாக 8 மடங்கு தரும் என்றால், 23.81 விலைக்குப் பின்னால் சந்தை மனதில் வைத்திருந்த சாதாரண லாபம் 3 டாலர். 14.88 நிலைக்காது, ஐந்தில் ஒரு பங்குதான் நிற்கும் என்று சந்தை முன்கூட்டியே எழுதிவிட்டது. வரும் மாதங்களின் சரக்குக்கு இப்போதே விலை பேசும் ஹாட் ரோல்டு காயில் முன்பேர ஒப்பந்தங்களும் அப்போது அதையே காட்டின: தூரத்து மாதங்களின் விலை அருகிலுள்ள மாதங்களைவிடக் குறைவு.

பிறகு நடந்தது

2022இல் ஒரு பங்கு லாபம் 9.16 டாலர். சந்தை பயந்ததைவிட நன்றாகவே இருந்தது. கார் நிறுவனங்களுடன் போடும் ஆண்டு ஒப்பந்தங்கள் 2021இன் உயர்ந்த விலையில் புதுப்பிக்கப்பட்டதும், உக்ரைன் போரால் அந்த வசந்தத்தில் விலை மறுபடி துள்ளியதும் கைகொடுத்தன. 2023இல் 3.56. 2024இல் 1.57. மேலே போட்ட 3.50, 1.80 கணக்கோடு இவை இவ்வளவு ஒட்டி வந்ததில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. ஆனால் உச்ச ஆண்டின் பத்தில் ஒரு பங்குக்கு லாபம் சுருங்கும் என்று சொல்ல அதிர்ஷ்டம் தேவைப்படவில்லை.

பங்கு விலை? 2022 ஏப்ரலில் 38 டாலர் வரை போய், அந்த ஆண்டு முடிவில் 25.05. 2023 ஆகஸ்ட் 11 அன்று 22.72. அதாவது 1.6 பி.இ.யில் வாங்கியவர், நடுவில் ஏறத்தாழ 12 டாலர் நிறுவனம் சம்பாதித்த பிறகும், இருபது மாதம் கழித்து வாங்கிய விலைக்கும் கீழே நின்றார்.

சம்பாதித்த பணம் எங்கே போனது என்பதை இங்கே கேட்டாக வேண்டும், ஏனென்றால் பி.இ. இந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காது. 2022 முதல் 2024 வரையான மூன்று ஆண்டின் நிகர லாபம் சேர்த்து 380 கோடி டாலர். அதே மூன்று ஆண்டில் மூலதனச் செலவு சுமார் 660 கோடி. முக்கியமானது பிக் ரிவர் பக்கத்திலேயே, ஆர்கன்சாவின் ஆசியோலாவில் கட்டிய ஆண்டுக்கு 30 லட்சம் டன் புது ஆலை. அதன் தொடக்க மதிப்பீடே 300 கோடி டாலர். கணக்கில் கழித்த தேய்மானத்தைத் திரும்பச் சேர்த்தாலும், லாபமாகக் காட்டியதில் பெரும்பகுதி ஆலைக்குள்ளேயே திரும்பப் போய்விட்டது. 2022இல் பங்குகளைத் திரும்ப வாங்க 80 கோடிக்கு மேல் செலவழித்தார்கள். டிவிடெண்ட் ஆண்டுக்கு 20 சென்ட். 14.88 டாலர் சம்பாதித்த நிறுவனத்தின் பங்குதாரர் கைக்கு நேராக வந்தது அந்த 20 சென்ட்தான். எஃகில் லாபம் என்பது அடுத்த உலைக்கான முன்பணம் என்று ஒரு கசப்பான பேச்சு உண்டு. முழுக்கத் தப்பென்று சொல்ல முடியாது.

அப்புறம் 2023 ஆகஸ்ட் 13. போட்டி நிறுவனமான கிளீவ்லாந்து கிளிஃப்ஸ், யு.எஸ். ஸ்டீலைப் பங்குக்கு ஏறத்தாழ 35 டாலர் மதிப்பில் வாங்கத் தயார் என்று பகிரங்கமாக அறிவித்தது. டிசம்பர் 18 அன்று ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் 55 டாலர் ரொக்கம் என்றது. கடனையும் சேர்த்து மொத்தம் 1,490 கோடி டாலர். 2025 ஜனவரியில் பைடன் அதைத் தடுத்தார். ஜூனில் டிரம்ப் நிபந்தனைகளோடு அனுமதித்தார். ஜூன் 18 அன்று கைமாறியது. பங்கு சந்தையிலிருந்து விலகியது.

ஆக, 23.81க்கு வாங்கி மூன்றரை வருஷம் வைத்திருந்தவர் இரட்டிப்புக்கும் மேல் பார்த்தார். “பார்த்தீர்களா, 1.6 பி.இ. மலிவுதான்” என்று இதைக் காட்டி வாதிடலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. நிப்பான் ஒப்பந்தம் போட்ட 2023இன் லாபத்தை வைத்துப் பார்த்தால் 55 டாலர் என்பது 15 மடங்குக்கு மேல். எஃகுக்கு அது கொழுத்த விலை. லாபத்தைப் பார்த்து நிப்பான் அந்த விலையைக் கொடுத்திருக்க முடியாது. டன் திறனைப் பார்த்தால் அதன் கணக்கு விளங்குகிறது.

யு.எஸ். ஸ்டீலின் உற்பத்தித் திறன், ஸ்லோவாக்கியா ஆலையும் சேர்த்து, ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல். 2021 முடிவில் மார்க்கெட் கேப்பும் நிகரக் கடனும் சேர்த்தால் 770 கோடி டாலர். ஒரு டன் திறனுக்கு 350 டாலர் பக்கம். புதிதாக ஆலை கட்ட ஆசியோலா கணக்கில் டன்னுக்கு 1,000 டாலர், அதுவும் தொடக்க மதிப்பீட்டில். நிப்பான் கொடுத்தது டன்னுக்கு 700 டாலருக்கு உள்ளே. பழைய ஊதுலைகளும் இதில் உண்டு, அவற்றைப் புது ஆலையோடு சமமாக வைக்க முடியாது. ஆனாலும் வரிச் சுவருக்குள் இருக்கும் ஒரு சந்தையில் இடம்பிடிக்க அந்தத் தொகை மோசமில்லை. புத்தக மதிப்புக்கு, அதாவது சொத்தில் கடனைக் கழித்த கணக்கேட்டு மதிப்புக்கு, 0.7 மடங்கில் பங்கு கிடைத்ததும் இதே திசையைத்தான் காட்டியது. 2021 டிசம்பரில் வாங்கக் காரணம் தேடியவருக்கு இந்த இரண்டு எண்களிலும் ஏதோ இருந்தது. 1.6இல் இல்லை.

இதற்குச் சாட்சி அந்தக் கிளீவ்லாந்து கிளிஃப்ஸே. அதுவும் ஊதுலை நிறுவனம், அதுவும் அமெரிக்கச் சந்தை, அதுவும் சொந்தத் தாதுச் சுரங்கம். 2020இல்தான் ஏ.கே. ஸ்டீலையும் ஆர்செலர்மிட்டலின் அமெரிக்க ஆலைகளையும் வாங்கிப் பெரிதாகியிருந்தது. 2021 முடிவில் விலை 21.77, ஒரு பங்கு லாபம் 5.36, பி.இ. 4. லாபம் அடுத்த ஆண்டு 2.55, அதற்கடுத்த ஆண்டு 0.78, 2024இல் 70 கோடி டாலருக்கு மேல் நட்டம். வாங்க யாரும் வரவில்லை. 2024 முடிவில் விலை 9.40. பாதிக்கு மேல் போய்விட்டது.

தலைகீழ் விதியும் தடுக்கும்

இத்தனையும் படித்தவர்கள் ஒரு சூத்திரத்துக்குத் தாவுவார்கள்: சுழற்சித் துறைகளில் பி.இ. அதிகமாக இருக்கும்போது வாங்கு, குறைவாக இருக்கும்போது விற்றுவிடு. உச்சத்தில் லாபம் வீங்கி பி.இ. சிறுக்கும், பள்ளத்தில் லாபம் சுருங்கி பி.இ. பெருக்கும் என்பதால் காரணம் சரியாகத்தான் படுகிறது. நியூகோர் அதற்கு அழகான உதாரணம். 2020 முடிவில் விலை 53.19, லாபம் 2.36, பி.இ. 22. ஒரே வருஷத்தில் விலை இரட்டிப்புக்கு மேல்.

ஆனால் இதே யு.எஸ். ஸ்டீலின் 2008ஐப் பாருங்கள். ஜூன் மாதம் பங்கு 190 டாலரைத் தாண்டியது. அப்போது கையிலிருந்த முழு ஆண்டு லாபம் 2007இன் 7.40 டாலர். பி.இ. 25க்கு மேல். சூத்திரப்படி வாங்கியிருக்க வேண்டும். வாங்கியவர் ஒன்பது மாதத்தில் போட்ட பணத்தில் தொண்ணூறு சதவீதத்தை இழந்தார். 2008 முடிவில் விலை 37.20, அந்த ஆண்டு லாபம் 17.96, பி.இ. 2. சூத்திரப்படி விற்றிருக்க வேண்டும். 2009இல் நிறுவனம் 140 கோடி டாலர் நட்டம் அடைந்தது, பங்கோ அந்த ஆண்டை 55 டாலரில் முடித்தது.

என்ன நடந்தது என்றால், விலை முன்னால் ஓடுகிறது, லாபம் ஒன்றிரண்டு காலாண்டு பின்னால் வருகிறது. 2008 ஜூனில் விலை வரப்போகும் லாபத்தை வைத்து ஓடியது. வகுக்கும் எண் பழையது. டிசம்பரில் விலை வரப்போகும் நட்டத்தைப் பார்த்து விழுந்துவிட்டது. வகுக்கும் எண் இன்னும் உச்சத்தில். ஆகவே பழைய லாபத்தில் போட்ட பி.இ. உச்சத்திலும் பெரிதாக இருக்கலாம், விழுந்த பிறகு சிறிதாக இருக்கலாம். சூத்திரம் திரும்பிய பக்கமெல்லாம் இடிக்கும்.

இந்த ஓட்டத்தில் பங்கு எண்ணிக்கையும் மாறுவதை மறக்கக் கூடாது. 2009 மே மாதம், 190ஐத் தாண்டி ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், யு.எஸ். ஸ்டீல் 2.7 கோடி புதுப் பங்குகளை 25.50 டாலருக்கு விற்றுப் பணம் திரட்டியது. 2021 பிப்ரவரியில் மறுபடி 4.8 கோடி பங்குகள், ஏறத்தாழ 79 கோடி டாலர். பள்ளத்தில் பங்கு விற்று, செழிப்பில் பங்கைத் திரும்ப வாங்கும் நிறுவனத்தில், நல்ல ஆண்டின் லாபம் எப்போதும் முன்பைவிட அதிகத் தலைகளுக்குப் பிரியும்.

வகுக்கும் எண்ணே கெட்டிருந்தால்

நட்ட ஆண்டில் பி.இ. கிடையாது, இணையதளங்கள் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும். அது தொந்தரவில்லை, கண்ணுக்குத் தெரியும். ஏமாற்றுவது அரைகுறையாகக் கெட்ட எண். ஆர்செலர்மிட்டல் 2023இல் கஜகஸ்தான் பிரிவை விற்று வெளியேறியதிலும் இத்தாலி ஆலையின் முதலீட்டைத் தள்ளுபடி செய்ததிலும் பெரிய தொகையை எழுதித் தள்ளியது. நிகர லாபம் 90 கோடி டாலராகச் சுருங்கியது. பி.இ. 26. அந்த இரண்டையும் நீக்கினால் லாபம் 490 கோடி, பி.இ. 5. முன்பு சொன்ன நியாயப்படி நீக்கக் கூடாதுதான், ஆனால் முழுவதையும் ஒரே ஆண்டின் தலையில் ஏற்றுவதும் சரியல்ல. பல ஆண்டுகளுக்குப் பரப்பிப் பார்ப்பதுதான் நேர்மை.

டாடா ஸ்டீலில் வேறு விதம். 2023 - 24 நிதியாண்டில் இந்திய ஆலைகளின் தனிநிலைக் கணக்கு லாபம் காட்டியது. பிரிட்டனையும் நெதர்லாந்தையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு 4,900 கோடி ரூபாய் அளவுக்கு நட்டம் காட்டியது. அதற்கு இரண்டே வருஷம் முன்பு அதே ஒருங்கிணைந்த கணக்கில் லாபம் 41,000 கோடிக்கு மேல். தனிநிலை இ.பி.எஸ்.ஸில் போட்ட பி.இ. இருந்தது, ஒருங்கிணைந்ததில் இல்லவே இல்லை. பங்கு வாங்குபவர் பிரிட்டனின் போர்ட் டால்பட் ஆலையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார், ஆகவே ஒருங்கிணைந்த கணக்கே பொருந்தும்.

நியூகோர்: எண் கொஞ்சம் பேசும் இடம்

இவ்வளவு குறை சொன்ன பிறகும், பி.இ. ஓரளவு பயன்படும் எஃகு நிறுவனம் ஒன்றைக் காட்டலாம். நியூகோர் முழுக்க மின்வில் உலைகளில் ஓடுகிறது. முக்கிய மூலப்பொருள் ஸ்க்ராப். எஃகு விலை விழும்போது ஸ்க்ராப் விலையும் கூடவே விழும். உலையை நிறுத்தி ஏற்றுவது எளிது. ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி உற்பத்தியோடு ஏறி இறங்கும் ஊக்கத்தொகை. அதனால் 2009இல் சிறு நட்டம் கண்டதோடு சரி, 2010 முதல் 2024 வரை ஓர் ஆண்டுகூட நட்டமில்லை. சராசரி எடுத்தால் அர்த்தமுள்ள ஓர் எண் கிடைக்கிறது.

அங்கேயும் ஓர் ஆண்டு பி.இ. கண்ணைக் கட்டும். 2021 முடிவில் விலை 114.15, லாபம் 23.16, பி.இ. 4.9. 2022 முடிவில் 131.81, லாபம் 28.79, பி.இ. 4.6, உச்சம் என்று விற்றவர்கள் அடுத்த ஆண்டின் 32 சதவீத ஏற்றத்தைத் தவறவிட்டார்கள். 2024 முடிவில் விலை மறுபடி 116.71, லாபம் 8.46, பி.இ. 13.8. மூன்று வருஷ இடைவெளியில் ஏறக்குறைய ஒரே விலை, பி.இ. மட்டும் மூன்று மடங்கு.

எது மலிவு என்பதற்கு விடை, 8.46 எந்த வகை ஆண்டு என்பதில் இருக்கிறது. 2018இல் நியூகோர் அதுவரை காணாத லாபம் பார்த்தது: ஒரு பங்குக்கு 7.42. மந்தமான 2024, பழைய உச்சத்தைத் தாண்டியிருக்கிறது. நடுச்சுற்று மட்டமே மேலே ஏறிவிட்டது என்று சொல்பவர்கள் இறக்குமதி வரியையும் புது ஆலைகளையும் காட்டுகிறார்கள். வரி 2025 ஜூனில் 50 சதவீதமாகவும் ஆகிவிட்டது. ஆனால் மொத்த நிகர லாபத்தை எடுத்தால் 2018இல் 236 கோடி டாலர், 2024இல் 203 கோடி. லாபம் குறைந்திருக்கிறது. நடுவில் நியூகோர் தன் பங்குகளில் கால்வாசியைத் திரும்ப வாங்கிவிட்டது, அந்தப் பணத்தில் பெரும்பகுதி 2021, 22இல் வந்த லாபம். அந்த அளவுக்கு 8.46ஐ நம்பலாம்: பங்குகள் குறைந்தது நிலையானது. டன்னுக்கான லாபம் பழைய இடத்துக்கே இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதை 2024இன் எண் ஒன்றை வைத்து முடிவு செய்ய முடியாது.